பத்து வீட்டுக்குப் பங்கு வெச்ச மலை

கார்டு என் பேர்ல இருக்குதுங்க. அதை முதல்லயே சொல்லிப்போடறேன், ஏன்னா எங்க அப்பார்ட்மென்ட்டுல யாரைக் கேட்டாலும் எல்லாத்தையும் அவங்களே பண்ணுன மாதிரிதான் சொல்லுவாங்க. விளாங்குறிச்சி ரோட்டுல பேருக்கு ஒரு ஸ்டேஷனரி கடை வெச்சிருக்கறேன், அந்தக் கடை லைசென்ஸைக் காட்டித்தான் பைபாஸ் ஓரத்துல இருக்கற ஹோல்சேல் கடைக்கு கார்டு வாங்குனேன், அந்தக் கார்டு இருந்தாத்தான் வாசல்லயே விடுவாங்க, உள்ள போனா அரைக் கிலோ ஒரு கிலோங்கற பேச்சே கெடையாது, எல்லாம் மூட்டை, எல்லாம் டின்னு, எல்லாம் ஆள் ஒசர அட்டைப்பெட்டி. ஒரு வீட்டுக்கு எதுக்குங்க ஒரு டின்னு எண்ணெய்? அதனால மாசம் ஒருக்கா பத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்கீட்டு வந்து, பார்க்கிங்ல பாயை விரிச்சு, தராசை நடுவுல வெச்சு, நாங்க பங்கு போட்டுக்குவோம்.

பங்குக்கு ஒரு முறை இருக்குது. எவ்வளவு பாத்துப் போட்டாலும் கடைசிப் பங்கு கொறையும். அப்ப மத்த ஒம்பது வீடும் அவங்கவங்க பங்குல இருந்து ஒரு கைப்பிடி அள்ளி, கொறைஞ்ச பங்குல போட்டு, முள்ளை நேராக்கோணும். அதுக்கு நாங்க மேல்கைன்னு பேர் வெச்சிருக்கறோம். துவரம்பருப்பானாலும் சரி, முந்திரியானாலும் சரி, மேல்கை போடாம எந்தப் பையும் மாடிப்படி ஏறுனதில்லை. இதுல சண்டையே வராதுங்களான்னு கேப்பீங்க. வரும். ஆனா தராசு முன்னால வரும், தராசு முன்னாலயே முடிஞ்சுபோகும்.

கீழ்த்தளத்து வீட்டுக்கு வசுமதி குடி வந்தது போன ஆவணியில. நாப்பத்தஞ்சு வயசிருக்கும், கல்யாணம் பண்ணிக்கல, ஒரு பம்ப் கம்பெனி ஆபீஸ்ல வேலை. வந்து எட்டு மாசமாகியும் அவ கொரலை நாங்க யாரும் முழுசாக் கேட்டதில்லை. சித்திரை மாசத்துப் பர்ச்சேஸுக்கு, மூணாவது மாடி நசீமா ஊருக்குப் போயிருந்ததால, ட்ராலி தள்ள ஆள் வேணும்னு நான்தான் அவளைக் கூப்பிட்டேன். ஆம்னி வேன்ல போறப்ப, கேக்காமலே சொன்னா.

"அக்கா, எட்டு மாசத்துல என் காலிங் பெல்லை அடிச்சது சிலிண்டர்காரர் மட்டுந்தானுங்க. ஓசூர்ல இருந்து தம்பி கூப்பிடறான். அவனும் அவன் சம்சாரமும் ஷிப்ட் வேலைக்குப் போறாங்க, சமைச்சுப் போட, கொழந்தைகளைப் பாத்துக்க ஆளு வேணுமாம். ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள வந்துருங்கறான்."

"உனக்குப் போக இஷ்டமா?"

"இல்லைங்க்கா. அங்க போனா நான் அவங்களுக்கு வேலைக்காகற ஆளு, அவ்வளவுதான். ஆனா இங்க இருந்து மட்டும் யாருக்கு என்னங்க்கா?"

நான் கடைக்கு எழுதுன லிஸ்ட்டை எடுத்து அவ கையில குடுத்தேன்.

அந்தக் கடைக்குள்ள ஒருதடவை போய்ப் பாருங்க, அப்பத்தான் நான் சொல்றது புரியும். கூரை எங்க இருக்குதுன்னு அண்ணாந்து தேடோணும், இரும்பு ரேக்கு அடுக்கு மேல அடுக்கா நிக்கும், உச்சியில இருக்கற பெட்டியை எடுக்க வண்டி பீப்பீன்னு கத்தீட்டு வரும், தக்காளி சாஸு வாளியில இருக்கும், துணி சோப்பு மூட்டையில இருக்கும், மீன் வெச்சிருக்கற ரூமுக்குள்ள கால் வெச்சா மார்கழி மாதிரி நடுங்கும், ட்ராலி ஒவ்வொண்ணும் கட்டில் அகலம். அங்க போனா மனுசனுக்கு எல்லாமே பெருசா வேணும்னு தோணிப்போகும். வீட்டுல இருக்கறது ரெண்டே பேர்தான்னு மறந்தே போயிரும். நானே ஒருக்கா முப்பது பல்லு பிரஷ் இருக்கற பாக்கெட்டைத் தூக்கீட்டு வந்து, எங்கூட்டுக்காரர் கிட்டுசாமிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அன்னிக்கு பொம்மை வரிசையில வசுமதி நின்னுட்டா. ட்ரங்குப்பெட்டி அளவுல ஒரு பெட்டி, அடியில சக்கரம் வெச்சது, மேல படம். பனி மலை, பைன் மரம், ஏரி, புல்வெளி, செம்மறி ஆடுக, இது எல்லாத்துக்கும் மேல ஒரு மேகங்கூட இல்லாத நீல வானம். ஜிக்சா பசிலாம், துண்டைத் துண்டோட சேர்த்தா மேல இருக்கற படம் வருமாம். எங்க அப்பார்ட்மென்ட்டு ஜனம் மொத்தமும் உக்காந்து ஆளுக்கு ஒரு ஆயுசு சேர்த்தாலும் முடியாத மாதிரி அத்தனை துண்டு. "இதைப் போய் எதுக்கு?"ன்னேன்.

"இதைக் கீழே என் வீட்டு ஹால்ல விரிச்சு வெச்சா நாலு பேராச்சும் வந்து உக்காருவாங்கல்லங்க்கா. உக்காந்தாப் பேசுவாங்கல்ல."

அந்த மூஞ்சியைப் பாத்தா யாராலயும் வேண்டாம்னு சொல்லியிருக்க முடியாதுங்க. அரிசி மூட்டைக்கு மேல அந்தப் பெட்டியை ஏத்திக் கொண்டுவந்தோம்.

பார்க்கிங்ல பாய் விரிச்சாச்சு. சர்க்கரை, பருப்பு, புளி, சோப்பு எல்லாம் பங்கு போட்டாச்சு. கடைசியா அந்தப் பெட்டியைப் பிரிச்சா, உள்ள பத்துப் பை. ஒவ்வொரு பையிலயும் ஏரி, மலை, வானம்னு படத்துல ஒரு பக்கத்தோட பேர் போட்டிருக்குது. பத்து வீடு, பத்துப் பை. எல்லார் கையும் தானாவே நீண்டுச்சு.

"அக்கா, இதைப் பங்கு போடறதில்லைங்க்கா, இது எல்லாரும் ஒண்ணா..."ன்னு வசுமதி இழுத்தா.

"பங்கு போடாம இங்க கடுகு கூட மேல போனதில்லை கண்ணு"ன்னு சொல்லீட்டு நான் முதல் பையைத் தராசுல வெச்சேன். தராசைப் பாத்தா எனக்கு வேற நெனப்பே இருக்காதுங்க, அது என் பொறப்பு. புதுசா வந்தவங்களுக்குக் கடைசிப் பங்குங்கறது முறை, அப்படி அவளுக்கு விழுந்தது வானம். எடை கொஞ்சம் கொறைஞ்சுது. உடனே ஒம்பது வீட்டுக்காரரும் அவங்கவங்க பையில இருந்து ஒரு கைப்பிடி அள்ளி அவ பையில போட்டோம், முள்ளு நேரா நின்னுது, எல்லாரும் அவங்கவங்க பையைத் தூக்கீட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டோம். வசுமதி காலிப்பெட்டியை உருட்டீட்டுப் போனா. அந்தச் சக்கரம் சிமெண்ட்டுல கடகடன்னு போன சத்தம் எனக்கு மாடி வரைக்கும் கேட்டுச்சு.

ஏரி முதல்ல வந்தது நசீமா வீட்டுலதானுங்க. அவ ஊர்ல இருந்து திரும்பி வந்ததும், ஹால்ல சோபாவை நகர்த்தீட்டு, அவளும் அவ வீட்டுக்காரர் அப்பாஸும் ஏரிப் பக்கத்தை மளமளன்னு சேர்த்துப்போட்டாங்க. ஒரு நாள் காலையில டீ போட எந்திரிச்சு வந்தவ காலுல சில்லுனு தண்ணி பட்டுது. பாத்தா கரையில நாணல் ஆடுது, தண்ணி டிவி ஸ்டாண்டு வரைக்கும் வந்து திரும்பிப் போகுது. நசீமா ஒரு சொம்புல மோந்து வாயில ஊத்திப் பாத்துட்டு, "சிறுவாணி அளவுக்கு ருசி இல்ல, ஆனா மோசமில்ல"ன்னு சொல்லீட்டுக் குடத்தை எடுத்துட்டு வந்தா. அந்த வாரம் லாரித் தண்ணிக்கு யாரும் போன் பண்ணல.

அப்புறம் ஒவ்வொரு வீடா வந்துச்சு. டைட்டஸ் சார் வீட்டுல பைன் மரக் காத்து. செகரட்டரி சதாசிவம் வீட்டுல புல்வெளியும் செம்மறி ஆடும். எங்கூட்டுல பனி மலை, பூஜை ரூமுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல, கிட்டுசாமி நெஞ்சு ஒசரத்துக்கு. கத்திரி வெயில் வெளிய கொளுத்துது, எங்கூட்டுக்காரர் மப்ளர் கட்டீட்டு பேப்பர் படிக்கறாரு. இது எப்படிங்க நடந்ததுன்னு எங்களை யாரும் கேக்கல, நாங்களும் யாரையும் கேக்கல. வீட்டுக்குள்ள மலை வந்துட்டா மலையை வெச்சுக் குடித்தனம் பண்ணோணும், அதுக்கே நேரம் பத்தலைங்க. பனியை அகப்பையில வழிச்சு பத்து வீட்டுக்கும் மோருக்குக் குடுத்தனுப்பினேன், டைட்டஸ் சார் சம்சாரம் புனிதா தலகாணி உறையில காத்தைப் புடிச்சு, வாயை முடிச்சுப் போட்டு, ராத்திரி தூக்கம் வராதவங்களுக்குக் குடுத்தா, அப்பாஸ் பாய் ஒட்டடைக் குச்சியில தூண்டில் கட்டி மீன் புடிச்சாரு, அந்த மீனை நசீமா புளி கரைச்சு ஊத்தி, மொளகா அரைச்சு ஊத்திக் கொழம்பு வெச்சும் அது உப்புக்கும் ஒறைப்புக்கும் ஒட்டாம வெள்ளைக்காரனாவே கெடந்துச்சு. செகரட்டரி எங்க வாட்ஸ்அப் குரூப்புல தெனமும் ஒரு சட்டம் போட்டாரு. மூணாவது மாடி ஏரியில துணி அலசக் கூடாது. ஆடுகள் லிப்ட்டில் ஏறக் கூடாது, படியில்தான் வர வேண்டும். விருந்தாளிகள் பனியில் உருள்வதானால் செருப்பை வெளியே விட வேண்டும்.

எங்க சொந்தக்காரங்க வந்து பாத்துட்டு, "பரவால்ல, நல்லாத்தான் வெச்சிருக்கீங்க"ன்னு சொல்லீட்டுப் போனாங்க. அதுக்கு மேல அவங்களும் ஒண்ணும் சொல்லல.

ஆனா எல்லார் வீட்டுலயும் ஒரு ஓட்டை இருந்துச்சுங்க. மேல்கையில போன கைப்பிடி. நசீமா வீட்டு ஏரிக்கு நடுவுல அந்தத் துண்டுக இல்ல, அது வழியா தண்ணி எறங்கி, கீழ இருக்கற செகரட்டரி வீட்டுப் பீரோ மேல ஊத்துது. "மேல்வீட்டு ஏரி ஒழுகுதுங்க, எத்தனை தடவை சொல்றது"ன்னு அவர் கத்தறாரு. அவர் வீட்டுலயே ஒரு ஆட்டுக்கு வாய் இருக்கற துண்டு இல்ல, பாவம், புல்லு முன்னால நின்னுட்டு எல்லார் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்குது. எங்கூட்டு மலையில உச்சிக்குக் கீழ ஒரு பொத்தல், ஏசி ரூம் கதவைத் தெறந்து போட்ட மாதிரி அது வழியா அனல் அடிச்சு, பனி கரைஞ்சு, சாயங்காலமாச்சுன்னா நான் துடைச்சுட்டே இருக்கோணும்.

எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அள்ளிப்போட்டது எங்க கைதானே.

அப்படித்தானுங்க வசுமதி வீட்டுக் காலிங் பெல்லு அடிக்க ஆரம்பிச்சுது. காலையில நசீமா, மத்தியானம் நான், சாயங்காலம் ஆட்டைக் கையில புடிச்சுட்டு செகரட்டரி. ஹால்ல தரை முழுக்க நீலம், நெல்லு காயப்போட்ட மாதிரி பரப்பி வெச்சிருந்தா. அதுல எங்க துண்டுக கலந்து கெடக்குது, வெள்ளையும் வெளிர்நீலமும் ஏரித் தண்ணி நீலமும். நாங்க முட்டி போட்டுத் தேடறோம், அவ சுக்குக் காபி வெச்சுக் குடுக்கறா. தேடற நேரத்துல வாய் சும்மா இருக்குமா? நசீமா அவ நாத்தனார் கதையைச் சொன்னா, புனிதா பம்ப் கம்பெனியில யாரோ தனக்குத் தெரிஞ்சவங்க இருக்கறதைக் கண்டுபுடிச்சா, செகரட்டரி இருபது வருசமா யார்கிட்டயும் சொல்லாத மூட்டுவலியைச் சொன்னாரு. வசுமதி சிரிச்சு அப்பத்தான் பாத்தேன். சிரிச்சா வாயைக் கையால மறைச்சுக்குவா. அவ சேர்த்த வானம் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு. எல்லாமே ஒரே நீலம், ஒத்தை ஆளா என்னத்தைச் சேர்க்கறது? அந்த உள்ளங்கை வெளிச்சத்துல ஒரு குருவி எப்பவாச்சும் குறுக்க போகும், அவ்வளவுதான் அவ பங்குக்கு வந்தது.

வைகாசி பாதியில ஒரு நாள் காலையில என் வீட்டுக் கதவைத் தட்டுனா. கையில ஒரு சின்ன டப்பா.

"உங்க மலைத் துண்டு பூராவும் இருக்குதுங்க்கா. எல்லார்துமே நேத்தே கெடைச்சிருச்சு." சொல்லீட்டு டப்பாவை என் கையில வெச்சா. "குடுக்காம வெச்சுக்கலாமான்னு நெனச்சேன். தெனம் ஒண்ணு ஒண்ணாக் குடுத்தா ஒரு வருசத்துக்கு வந்துட்டே இருப்பீங்க. அப்புறம் அந்த ஆட்டை நெனச்சேன். பசியோட எத்தனை நாளைக்கு நிக்கும்?"

ஒம்பது வீட்டுக்கும் அன்னிக்கே குடுத்துட்டா. ஏரி ஒழுகறது நின்னுது. ஆடு ஒரு புல்வெளியையே மேஞ்சு தீர்த்துட்டு முதல்தடவையா மேன்னு கத்துச்சு, மாடிப்படி பூராக் கேட்டுது. எங்கூட்டு மலை கெட்டியா நின்னுது. எங்களுக்கு நெம்ப சந்தோசம். சந்தோசமா அவங்கவங்க வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டோம். எனக்கோ ஸ்கூல் தெறக்கற நேரம், கடையில நோட்டு, அட்டை, லேபிள்னு மூச்சு விட முடியல. கீழ்த்தளத்துல பெல்லு அடிக்கற சத்தம் நின்னுபோனது எனக்கு ஒறைக்கவே இல்லைங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை, துணி காயப்போட பால்கனிக்கு வந்தா, கேட்டுக்குள்ள ஒரு டெம்போ நிக்குது. நம்பர் ஓசூர் பக்கத்து நம்பர். ஒல்லியா ஒருத்தரும் டிரைவரும் சேர்ந்து வசுமதியோட கட்டிலைத் தூக்கீட்டு வர்றாங்க. அவ பின்னாலயே மிக்ஸியைக் கட்டிப் புடிச்சுட்டு வர்றா, யாருக்கோ சொந்தமான வீட்டைக் காலி பண்ற மாதிரி சத்தமில்லாம நடக்கறா. ஒரு ஆட்டுக்கு வாய் வேணும்னு நெனச்சவளுக்கு, பத்து வீடு இருந்தும் ஒரு வாய் பேச ஆளில்லாமப் போச்சேன்னு எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு, யார் மேலன்னு தெரியல. ஈரத் துணியை அப்படியே வாளியில போட்டுட்டு எறங்கிப் போய் பெல்லை அடிச்சேன். கதவு தெறந்துதான் கெடந்துச்சு. இருந்தாலும் அடிச்சேன்.

தம்பிதான் வந்தாரு. பேரு வடிவேலன்னு அப்புறம் தெரிஞ்சுது. "என்ன வேணுங்க? சாமான் எடுத்துட்டிருக்கறோம்"னாரு.

நானும் வாழ்க்கையில காரணமில்லாம ஒருத்தர் வீட்டுப் படி ஏறுனதில்லைங்க. வந்தா ஒண்ணு சீட்டு, இல்லைன்னா பங்கு, அதுவும் இல்லைன்னா சண்டை.

"ஒண்ணும் வேணாம். சும்மா வந்தேன்."

உள்ள போய் நீலத்துக்கு நடுவுல சப்பணம் போட்டு உக்காந்தேன். வசுமதி மிக்ஸியோட வாசப்படியிலயே நின்னா. "துண்டு ஏதாச்சும் கொறையுதுங்களாக்கா?"ன்னா.

"கொறையல கண்ணு. எல்லாம் இருக்குது. காபி வை."

கொஞ்ச நேரத்துல நசீமா வந்தா. ஏரி நல்லாருக்குதாம், எதுவும் ஒழுகலையாம், சும்மாதான் வந்தாளாம். புனிதா வந்தா, அவளும் சும்மா. செகரட்டரி, நோட்டீஸ் இல்லாம எந்த வீட்டுக் கதவையும் தட்டாத மனுசன், வேட்டியை மடிச்சுக் கட்டீட்டு வந்து, தொண்டையைக் கனைச்சு, "நான் ச்சும்மா..."ன்னு பாதியிலயே நிறுத்தீட்டு உக்காந்துட்டாரு. கிட்டுசாமி மப்ளரோட வந்தாரு. யாரும் யாரையும் கூப்பிடல, சத்தியமா நான் ஒருத்தருக்கும் போன் பண்ணல. பத்து வீட்டு ஜனமும் அந்த ஹால்ல தோளு இடிக்க உக்காந்து, நீலத்துக்கு நீலம் பொருத்தறோம், பொருந்தலைன்னா சிரிக்கறோம், வசுமதி இருக்கற டம்ளர் எல்லாத்தையும் டெம்போவுல இருந்து திரும்ப எறக்கிக் காபி ஊத்தறா.

வடிவேலன் கொஞ்ச நேரம் கையைக் கட்டீட்டு நின்னாரு. அப்புறம் சொவத்துல சாய்ஞ்சாரு. அப்புறம் குத்த வெச்சாரு. "அது அங்க இல்லைங்க, இங்க வரும்"னு செகரட்டரி கையில இருந்த துண்டை வாங்கிப் பொருத்துனாரு, அது கச்சிதமா உக்காந்துச்சு. அதோட அவரும் உக்காந்துட்டாரு. டெம்போ டிரைவர் கட்டிலை கேட்டுக்கிட்ட எறக்கி வெச்சுட்டு, கையைத் தொடைச்சுட்டு, ஓரத்துல ஒரு எடம் புடிச்சாரு.

மத்தியானம் தாண்டுனப்ப அந்த உள்ளங்கை வானம் ஒரு பாய் அகலத்துக்கு ஆயிருந்துச்சுங்க. வெளிச்சம் தரையில இருந்து மேல வந்து எல்லார் மோவாயிலயும் பட்டுச்சு, நாங்க எல்லாருமே ஒரு பத்து வயசு கொறைஞ்ச மாதிரித் தெரிஞ்சோம், நசீமா என்னைப் பாத்து "தெய்வானைக்கா, நீங்க கல்யாணப் பொண்ணாட்ட இருக்கீங்க"ன்னா, போடின்னேன், ஆனா உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருந்துச்சு. குருவிக இப்ப ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமாப் போச்சு, எங்க காலுக்குக் கீழ. மேல மாடிகள்ல இருந்து பைன் காத்து தானாவே எறங்கி வந்துச்சு, ஆடுகளும் படியில எறங்கி வந்து வாசல்ல நின்னு எட்டிப் பாத்துச்சுக. செகரட்டரி அதுகளை ஒண்ணும் சொல்லல.

சாயங்காலம் வானத்துல பாதிகூட முடியல. முடிக்கோணும்னு எங்க யாருக்கும் அவசரமும் இல்ல. கட்டிலை நாலு பேர் புடிச்சு உள்ள கொண்டுவந்து பழைய எடத்துலயே போட்டோம். வடிவேலன் செருப்பை மாட்டீட்டு வாசல்ல நின்னாரு. கோபமில்ல, ஆனா கொழம்பிப்போயிருந்தாரு. பாவம், சொந்த அக்காவைக் காரியமில்லாமப் பாக்க அவருக்கும் பழக்கமில்ல.

"அப்ப வண்டி எடுத்துட்டு எப்பக்கா வரட்டும்?"ன்னாரு.

வசுமதி அவர் தோள்ல ஒட்டியிருந்த ஒரு நீலத் துண்டை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு, வாயை மறைக்காமச் சிரிச்சா.

"வண்டி எதுக்குடா? சும்மா வா."